விலக வேண்டாம் என்ற வெள்ளைத் தலைப்பு

சிவகாசியில் ஓர் அச்சகம். அச்சகத்துக் கம்ப்யூட்டருக்குள்ளே ஒரு பி.டி.எஃப். அதற்குள்ளே ஒரு காலண்டர், இன்னும் தாளைக் கண்ணால் பார்க்காமல், வெறும் வெளிச்சமாகக் குடியிருந்தது.

நல்ல லட்சணமான காலண்டர். மயில்மேல் முருகன். முருகனுக்குப் பின்னால் கல்யாணப் பட்டு மாதிரி அரக்குச் சிவப்பில் ஒரு சீலை. காலடியில் ஒரு மஞ்சள் பட்டை. அந்தப் பட்டையில்தான் எழுத்துகளுக்கு ஜாகை. சாத்தூரில் சேவுக்கடை வைத்திருக்கும் பொன்னுலிங்கம், புது வருஷத்துக்கு வாடிக்கைக்காரர்களுக்குச் சும்மா கொடுக்க அடிக்கச் சொன்ன காலண்டர் அது. சும்மா கொடுப்பது என்றால் சும்மாவா? வருஷம் முழுக்க அவர்கள் வீட்டுச் சுவரில் தன் பெயர் தொங்க வேண்டும். அமாவாசை என்றைக்கு என்று பார்க்க வருகிறவன்கூட முதலில் தன் பெயரைப் பார்த்துவிட்டுத்தான் அமாவாசைக்குப் போகவேண்டும். அதற்குத்தான்.

அந்தப் பெயரைச் சுமந்த வரிக்குத் தலைப்பு என்று பேர். 'பொன்னுலிங்கம் காராச்சேவுக் கடை', அதன் கீழே போன் நம்பர், இரண்டும் சேர்ந்ததுதான் தலைப்பு.

பி.டி.எஃப் என்பது கூட்டுக் குடும்பம் மாதிரி. வெளியே இருந்து பார்த்தால் எல்லோரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருப்பார்கள். பாகம் பிரிக்கிற அன்றைக்குத்தான் யாருக்கு என்ன சொத்து, யார் வெறுங்கை என்பது தெரியவரும். அச்சகத்தில் அந்தப் பாகப்பிரிவினைக்குக் கலர் செபரேஷன் என்று பெயர். நாலு பங்காளிகள்: சயான் என்கிற நீலம், மெஜந்தா என்கிற ரோஸ் சிவப்பு, மஞ்சள், கறுப்பு. ஆளுக்கொரு பிளேட். தன் பிளேட்டில் இருப்பதைத்தான் அவரவர் தாளில் கொண்டுபோய் இறக்கலாம். அடுத்த பங்காளி பிளேட்டில் கை வைக்க முடியாது. நாலு பிளேட்டிலும் இல்லாதது தாளுக்கு வராது, அழுதாலும் வராது.

சயான் கொஞ்சம் இறுக்கமான ஆள். நீல மயிலின் கழுத்தும் தோகையும் தன் சொத்து என்பதால் வந்த இறுக்கம். மெஜந்தாவுக்கு வாய் நீளம். மஞ்சள் பரம சாது. அது மட்டும் தனியாகத் தாளில் இறங்கினால் வந்ததா வரவில்லையா என்று வெயிலில் தூக்கிப்பிடித்துப் பார்க்கவேண்டும். ஆனால் அது இல்லையென்றால் முருகன் முகம் மார்கழிக் குளிரில் விறைத்த முகமாகிவிடும். கறுப்பு அதிகம் பேசாது. எழுத்துகளின் பாடெல்லாம் கறுப்பின் பாடு.

தலைப்பும் கறுப்பு எழுத்தாகத்தான் பிறந்தது. மஞ்சள் பட்டையில், 'காராச்சேவு, மிக்சர், கருப்பட்டி மிட்டாய், தெற்கு ரத வீதி, சாத்தூர்' என்று எழுதியிருந்த சின்ன எழுத்துகளோடு தோளுரசிக்கொண்டு இருந்தது.

கறுப்பு எழுத்துகளுக்கு அச்சுத் தொழிலில் ஒரு பழைய சலுகை உண்டு. ஓவர்பிரின்ட் என்று ஒரு டிக். அந்த டிக் இருந்தால் கீழே இருக்கிற நிறம் விலகி இடம் விட வேண்டியதில்லை. எழுத்து அப்படியே அதன் முதுகில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். கறுப்புக்கு அது பொருந்தும். யார் முதுகில் உட்கார்ந்தாலும் கறுப்பு கறுப்புதான். உடம்பு அப்படி.

இப்படி இருக்கையில் ஒருநாள் பொன்னுலிங்கம் டிசைன் பார்க்க வந்தார். கம்ப்யூட்டரில் வேலை செய்கிற ரோஸ்லின் படத்தைத் திறந்து காட்டினாள். மனுஷர் முகம் சுருங்கிவிட்டது.

"என்ன தாயி இது, பேரு கறுப்புல கிடக்கு? கண்ணீர் அஞ்சலி போஸ்டர் கணக்கா இருக்கே! நான் உசுரோடதான இருக்கேன்?"

"கறுப்புன்னா நல்லா தெளிவாத் தெரியும் அண்ணாச்சி."

"தெளிவாத்தான் தெரியும், செத்தவன் பேரு. மேல தூக்கு தாயி. அந்தச் செவப்புச் சீலையில போடு. வெள்ளையாப் போடு. பெருசாப் போடு."

ரோஸ்லின் அப்படியே செய்தாள். பட்டையில் கிடந்த தலைப்பைத் தூக்கி முருகன் தலைக்கு மேலே, அரக்குச் சீலையில் உட்கார வைத்தாள். கறுப்பைக் கழற்றிவிட்டு வெள்ளையை உடுத்திவிட்டாள். எல்லாம் சரி. இடுப்பில் செருகியிருந்த அந்தப் பழைய டிக்கை மட்டும் உருவ மறந்துபோனாள்.

தலைப்புக்கு ஒரே நாளில் நடை மாறிப்போனது.

கீழே பட்டையிலிருந்து சின்ன எழுத்துகள் ஆசையாகக் கூப்பிட்டன. "என்னண்ணே, மேல காத்து எப்படி?"

"யாரப்பா அது?" என்றது தலைப்பு.

"நாங்கதாண்ணே! காராச்சேவு, மிக்சர்!"

"ஓ. கீழ்வீட்டு ஆளுகளா? இருங்க, இருங்க. பிறகு பார்க்கலாம்."

மிக்சருக்கு முகத்தில் அடித்த மாதிரி ஆகிவிட்டது. கருப்பட்டி மிட்டாய் மட்டும், "நேத்து வரைக்கும் என் கால்மேல கால் போட்டுக் கிடந்த ஆளு" என்று முணுமுணுத்துக்கொண்டது.

தலைப்புக்கு இரண்டு பேர் தோஸ்து ஆனார்கள். ஒன்று மானிட்டர். அதற்கு எதையும் உள்ளதைவிடப் பளபளப்பாகக் காட்டித்தான் பழக்கம். இன்னொன்று இடுப்பில் ஒட்டியிருந்த டிக்.

"ஐயா, உங்க வெள்ளை மாதிரி ஒரு வெள்ளையை நான் இந்தச் சட்டத்துக்குள்ள பார்த்ததே இல்லை" என்றது மானிட்டர்.

"பார்த்திருக்க முடியாது" என்றது டிக். "எங்க ஐயா யாரு?"

பிளேட்டுக்குப் போகிற நாள் வந்தது. பாகப்பிரிவினைக்கு முந்தி நாலு பங்காளிகளும் படத்துக்குள்ளே ஒரு சுற்றுச் சுற்றி, யார் யாருக்கு எங்கே எவ்வளவு இறங்கவேண்டும், எங்கே விலகவேண்டும் என்று கேட்டுக்கொண்டு போவது வழக்கம். மயிலைக் கேட்டார்கள். முருகன் கன்னத்தைக் கேட்டார்கள். சின்ன எழுத்துகளைக் கேட்டார்கள். கடைசியில் சீலைமேல் ஏறி வந்தார்கள்.

மெஜந்தாதான் முதலில் பேசியது. அரக்குச் சீலையில் பெரும்பங்கு அதனுடையது. "அண்ணாச்சி, கும்பிடுதேன். உங்களுக்கு நாங்க எந்த அளவுக்கு விலகணும்? ஓரம் சொல்லிட்டீங்கன்னா நறுக்குன்னு ஒதுங்கிக்கிடுவோம்."

தலைப்புக்குச் சுரீர் என்றது. "விலகுறதா? எதுக்கு விலகணும்? எனக்கென்ன தொத்து வியாதியா?"

"ஐயையோ, அப்படியில்லை அண்ணாச்சி. வெள்ளைக்கு விலகி இடம் விடுறது எங்க வழக்கம்."

டிக் இடுப்பிலிருந்து கிசுகிசுத்தது. "கேட்டீங்களாய்யா நியாயத்தை? பெரிய மனுஷன் வந்தா தோள்ல தூக்கணும். இவங்க ஒதுங்கிப் போறாங்களாம். இதுக்குப் பேரு மரியாதையாம்."

தலைப்பு நிமிர்ந்தது. "யாரும் எனக்காக நகர வேண்டாம். அவனவன் இடத்தில அப்படியே இருங்க. நான் உங்க தலைமேல ஏறி நின்னுக்கிடுதேன்."

நாலு நிறங்களும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன.

மஞ்சள் தயங்கித் தயங்கிச் சொன்னது. "அண்ணாச்சி, தப்பா நினைக்கக்கூடாது. ஏறி நிக்கிறதுக்கு உடம்புன்னு ஒண்ணு வேணுமே."

"என் உடம்புக்கு என்ன குறைச்சல்? மானிட்டரைக் கேளு!"

"அது வெளிச்சம் அண்ணாச்சி. நாங்க சொல்றது மை."

மெஜந்தாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இந்த வீட்டுல மைன்னு இருக்கிறது நாலே பேரு. நான், இந்தா நிக்கிற சயான், மஞ்சள், கறுப்பு. வெள்ளை மைன்னு ஒரு டப்பாவை எங்க மெஷின் பக்கம் நான் பார்த்ததில்லை. நீங்க பார்த்திருக்கீங்களா?"

"வாயாடி" என்றது தலைப்பு.

"இருக்கட்டும். வாயாவது இருக்கே எனக்கு."

அதுவரை சும்மா நின்ற கறுப்பு வாயைத் திறந்தது. அதன் குரலில் கொஞ்சம் மனத்தாங்கல் இருந்தது. "ஏ பங்காளி, நீ கீழ பட்டையில இருந்தப்போ உனக்கு நான் உடம்பாயிருந்தேன். உன் டிக்குக்கு அர்த்தம் இருந்தது. யார் மேல ஏறினாலும் உன்னை நான் தாங்கினேன். நீ வெள்ளை உடுத்திக்கிட்டுப் போயிட்டே. போ, நல்லாரு. ஆனா என்னை உதறிட்டுப் போனவன் என்கிட்ட வாங்கின டிக்கை மட்டும் ஏன் இடுப்புல சொருகிக்கிட்டுப் போறே? அதை அவுத்துப் போடு. நாங்க விலகுறோம்."

"பொறாமை" என்றது டிக். "பச்சைப் பொறாமைய்யா. அது பட்டையிலயே கிடக்கு, நீங்க சீலைக்கு வந்துட்டீங்க."

"கறுப்பு, நீ உன் வேலையைப் பாரு" என்றது தலைப்பு.

சயானுக்குப் பொறுமை போய்விட்டது. "சரி, வழக்கு எதுக்கு? டிக் இருக்கிறவரைக்கும் யாரும் விலகக்கூடாது, அதுதான் சட்டம். அவர் வேண்டாங்கறாரு. நமக்கு வேலை மிச்சம். வாங்க போகலாம்."

மூன்றும் கிளம்பின. மஞ்சளுக்கு மட்டும் கால் எழவில்லை. யாருக்கும் கண்ணில் படாமல் வாழ்ந்தே பழகின நிறம் அது. கண்ணில் படாமல் போகப்போகிறவனைப் பார்த்தால் அதற்குத்தான் முதலில் வலிக்கும்.

"அண்ணாச்சி, ஒரே ஒரு எட்டு என்கூட வாங்க. வந்து நீங்களே பார்த்துக்கிடுங்க. அதுக்கப்புறம் உங்க இஷ்டம்."

அந்த வீட்டில் ஒரு சன்னல் உண்டு. செபரேஷன் சன்னல் என்பார்கள். அதில் நாலு கண். ஒரு கண்ணை மட்டும் திறந்து மற்றதை மூடினால் ஒரு பங்காளியின் சொத்து மட்டும் தெரியும். பிளேட்டில் நாளைக்கு என்ன விழப்போகிறதோ அது இன்றைக்கே அதில் தெரியும். பொய் சொல்லத் தெரியாத சன்னல். அதனால்தான் யாரும் அதை அடிக்கடி திறப்பதில்லை.

தலைப்பு வேண்டாவெறுப்பாக வந்து எட்டிப் பார்த்தது.

மஞ்சள் முதலில் சயான் கண்ணைத் திறந்தது. மயில் கழுத்து இருந்தது, தோகை இருந்தது. தலைப்பு இல்லை. அடுத்து மெஜந்தாவின் கண்ணைத் திறந்தது. சீலை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும் ஒரு சுருக்கம் இல்லாமல் விரிந்து கிடந்தது. தலைப்பு உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டிருந்த இடத்திலும் சீலைதான் கிடந்தது. மஞ்சளில் இல்லை. கறுப்பில் சின்ன எழுத்துகள் எல்லாம் வரிசையாக, கைகட்டிக்கொண்டு, பத்திரமாக இருந்தன. தலைப்பு அதிலும் இல்லை.

"சதி!" என்று கத்தியது தலைப்பு. "நாலு பேரும் கூடிப் பேசி என்னை ஒதுக்கிட்டீங்க!"

"ஒதுக்கலை அண்ணாச்சி. ஒதுங்கலை. அதுதான் வினை" என்றது மஞ்சள். "அங்க பாருங்க, முருகன் கழுத்துல முத்துமாலை. அதுவும் வெள்ளைதான். நாலு கண்ணையும் ஒவ்வொண்ணா திறந்து பாருங்க."

தலைப்பு பார்த்தது. மெஜந்தா பங்கில் முத்து முத்தாக ஓட்டை. சயான் பங்கில் அதே இடத்தில் ஓட்டை. மஞ்சளில், கறுப்பில், எல்லாவற்றிலும் அச்சுப் பிசகாமல் அதே ஓட்டை.

"ஏம்மா, உங்களுக்கு இது அவமானமாயில்லையா?" என்று முத்துமாலையைக் கேட்டது தலைப்பு. "நாலு பேரும் உங்களைத் தொடாம ஒதுங்கிப் போயிருக்காங்க."

முத்துகள் கலகலவென்று சிரித்தன. "என்னத்த அவமானம்? அவங்க ஒதுங்கினாங்க, நாங்க ஜொலிக்கிறோம். எங்ககிட்ட சொந்தமா என்ன இருக்கு அண்ணாச்சி? ஒண்ணுமில்லை. அதைத் தெரிஞ்சுதான் வச்சிருக்கோம். தெரிஞ்சவங்களுக்குக் கழுத்துல இடம் கிடைக்குது."

முதல் தடவையாகத் தலைப்புக்குப் பட்டை ஞாபகம் வந்தது. மிக்சரோடு தோளுரசிக் கிடந்தபோது உடம்பில் ஒரு பாரம் இருக்கும், கறுப்பின் பாரம். அன்றைக்கு அது கனமாகத் தெரிந்தது. இப்போது தன்னைத் தானே தடவிப் பார்த்தால் கைக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை.

மற்றவர்களோடு திரும்பி வந்து நின்ற கறுப்பிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டது. "நாலு பேருகிட்டயும் நான் இல்லேன்னா, நான் எங்கதான் இருக்கேன்?"

"நாங்க விட்டுக்கொடுக்கிற இடத்துல இருப்பே" என்றது கறுப்பு. "விட்டாத்தான் இருப்பே. எத்தனையோ பெரிய பேருங்க அப்படித்தான் இருக்கு. குறைச்சல் ஒண்ணுமில்லை."

தலைப்பின் கை மெல்ல இடுப்புக்குப் போனது. டிக் அலறியது. "ஐயா! ஐயா! இது பிச்சைய்யா! அவன் இடம் விட்டு நீங்க இருக்கிறதா? நாளைக்கு அவன் வரமாட்டேன்னா?"

தலைப்பு டிக்கைப் பிடித்தேவிட்டது. இன்னும் ஒரு இழுப்பு இழுத்திருந்தால் கதை வேறே.

அந்த நேரம் பார்த்து அச்சகத்துக் கதவு திறந்தது. பொன்னுலிங்கம் மைத்துனரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். ரோஸ்லின் படத்தை முழுசாக விரித்துக் காட்டினாள். மானிட்டர் தன் கைவரிசை அத்தனையையும் காட்டியது. அரக்குச் சீலையில் தலைப்பு பௌர்ணமி மாதிரி ஏறி நின்றது.

"ஆகா!" என்று கையைத் தட்டினார் பொன்னுலிங்கம். "பார்த்தீங்களா மாப்ளே? வாசல்ல நின்னு பார்த்தாலும் பேருதான் கண்ணைக் குத்துது!"

"முருகனே கொஞ்சம் மங்கலாத்தான் தெரியறாரு மச்சான்" என்றார் மைத்துனர். அவர் புகழ்ந்துதான் சொன்னார்.

"அண்ணாச்சி, ஒரு நிமிஷம்" என்றாள் ரோஸ்லின். "பிளேட்டுக்கு விடுறதுக்கு முன்னால செபரேஷனை ஒருதரம் தனித்தனியாப் பார்த்துக்கிடுதேன்."

"கண்ணு முன்னால முழுசாத் தெரியுது, அதைப் பிச்சுப் பிச்சு வேற பார்க்கணுமா? கல்யாணப் பொண்ணை எக்ஸ்ரே எடுத்தா பார்ப்பாங்க? மெஷின் இப்ப காலியாக் கிடக்காம். விடு தாயி. விட்டா அடுத்த பார்ட்டிக்காரன் ஏறிருவான்."

மேஜைமேல் இருந்த சின்னப் பிரின்டரில் ஒரு மாதிரித் தாள் எடுத்துக் கொடுத்தாள். அந்தப் பிரின்டருக்குப் பாகப்பிரிவினையெல்லாம் தெரியாது, மானிட்டர் காட்டினதை அப்படியே காட்டுகிற ஜாதி. அதிலும் பெயர் பளிச்சென்று இருந்தது. பொன்னுலிங்கம் அதில் 'ஓகே' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார். போட்டுவிட்டு, மெஷினுக்குப் போகவேண்டிய அந்த மாதிரியை வீட்டில் காட்டவேண்டும் என்று சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு சாத்தூருக்கே கொண்டுபோய்விட்டார்.

உள்ளே தலைப்பு கையை இடுப்பிலிருந்து எடுத்தது.

"கேட்டீங்கள்ல?" என்று நாலு நிறங்களையும் பார்த்தது. "படியளக்கிற மகாராசன் வாயால கேட்டீங்கள்ல? வாசல்ல நின்னாலும் கண்ணைக் குத்துறேனாம். நான் இல்லையாம்! பார்க்கத் தெரியாத சன்னலை வச்சுக்கிட்டு பயங்காட்ட வந்துட்டாங்க. யாரும் எனக்கு விலக வேண்டாம். இது உத்தரவு."

"உத்தரவு" என்றது டிக்.

"உத்தரவு அண்ணாச்சி" என்றது சயான்.

பிளேட் வந்தது. மெஷினில் ஏறியது. தாள் ஓடியது. கறுப்பு முதலில் இறங்கியது, சயான் அடுத்து, பிறகு மெஜந்தா. சீலை விரிந்தது. பெயருக்கென்று மேலே கொஞ்சம் இடம் கிடைக்கும் என்று தாள் காத்திருந்தது. சீலை அதையும் மூடிக்கொண்டு போனது.

"ஏப்பா, பேருக்கு இடம் எங்க?" என்று கேட்டது தாள்.

"வேண்டாம்னுட்டாரு" என்றது கடைசியாக வந்த மஞ்சள்.

"ஏன்? நீங்க நாலு பேரும் ஒதுங்கியிருந்தா நானே பேரா நின்னிருப்பேனே. நான் வெள்ளைதான?"

"அது அவருக்குத் தெரியாது. அந்த வெள்ளை தன்னோடதுன்னு நினைச்சுட்டாரு" என்று சொல்லிவிட்டு மஞ்சள் முருகன் கன்னத்தில் இறங்கியது.

மெஷின்காரர் குருவையா முதல் தாளை உருவி எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். மயில் சரியாக இருந்தது. சீலை தகதகவென்று இருந்தது. மேலே பெயர் இல்லை. அவருக்கு அது ஒரு விஷயமாகப் படவில்லை. சாமி படத்தை மொத்தமாக அடித்துப் போட்டுவிட்டு, வருகிற பார்ட்டியின் பெயரைப் பிறகு தனியாக அடித்துக் கொடுப்பதுதானே அந்த ஊர் வழக்கம். 'பேரு பிறகு அடிப்பாங்களா இருக்கும்' என்று அவர் ஓட்டிவிட்டார். அட்டை ஒட்டித் தேதித்தாள் கோக்கிற இடத்தில் இருந்தவர்கள், 'பேரு அடிச்சு முடிச்சுத்தான வந்திருக்கும், இது பேரு வேண்டாத பார்ட்டி போல' என்று கோத்துவிட்டார்கள். கட்டுக் கட்டாகக் காகிதம் சுற்றி சாத்தூருக்குப் போனது. கடையில் புது வருஷக் கூட்டம். கட்டைப் பிரித்த கடைப்பையன்கள், பொட்டலத்தோடு ஆளுக்கொன்றாக நீட்டிவிட்டார்கள். பொன்னுலிங்கம் அடுப்புப் பக்கம் எண்ணெய் காய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஊர் காலண்டரை வாங்கிச் சுவரில் மாட்டியது. மாட்டிவிட்டு அசந்துபோனது.

"இந்த வருஷம்தான்யா காலண்டர் பார்க்கக் காலண்டரா இருக்கு" என்றார் ஒருவர். "மத்த கடைக்காரனெல்லாம் சாமி நெத்தியில கொண்டுபோய் தன் பேரை எழுதுவான்."

"விளம்பரமே இல்லாம சாமியை மட்டும் கொடுத்திருக்காரே, எவ்வளவு அடக்கம்!" என்றாள் ஒரு பெண்.

"யாரு கொடுத்தது?"

"யாரோ சேவுக்கடைக்காரரு. கீழ போட்டிருக்கு பாரு, காராச்சேவு, மிக்சர், தெற்கு ரத வீதி."

தெற்கு ரத வீதியில் சேவுக்கடைக்கா பஞ்சம்? முக்குக் கடைக்காரர் சுயம்புராஜனிடம் போய், "காலண்டர் நம்ம கடையோடதா?" என்று கேட்டார்கள். அவர் இல்லை என்று சொல்லவில்லை. ஆமாம் என்றும் சொல்லவில்லை. தலையைக் கொஞ்சம் குனிந்துகொண்டு, "என்னத்த பெருசா செஞ்சுட்டோம், எல்லாம் முருகன் செயல்" என்றார். அன்றையிலிருந்து அவர் கடையில் கூட்டம் ஏறியது.

கடைசியில் பொன்னுலிங்கத்துக்கே ஒருவர் வந்து சொன்னார். "அண்ணாச்சி, நீங்களும் இருக்கீங்களே வருஷா வருஷம் பேரைப் பெருசாப் போட்டுக்கிட்டு. முக்குக்கடை சுயம்புராஜனைப் பாருங்க. மனுஷன்னா அவரு."

பொன்னுலிங்கம் ஓடிப்போய் மிச்சக் கட்டைப் பிரித்தார். ஒன்றை எடுத்துப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். பின்பக்கமும் பார்த்தார். அப்படியே பஸ் பிடித்து சிவகாசிக்கு வந்துவிட்டார்.

"தாயி, என் பேரு எங்க?" காலண்டரை நீட்டினார். "ஊரெல்லாம் என் காசுல சாமி தொங்குது. புகழ் பூரா முக்குக் கடைக்காரனுக்குப் போகுது. என் பேரு எங்க போச்சு?"

ரோஸ்லின் காலண்டரை வாங்கிப் பார்த்தாள். அவசரமாக பி.டி.எஃப்பைத் திறந்தாள்.

மானிட்டர் விழித்துக்கொண்டது. அரக்குச் சீலையில், முருகன் தலைக்கு மேலே, 'பொன்னுலிங்கம் காராச்சேவுக் கடை' வெள்ளைவெளேர் என்று ஜொலித்தது.

"இந்தா இருக்கே!" என்று கத்தினார் பொன்னுலிங்கம்.

"இருக்கு அண்ணாச்சி" என்றாள் ரோஸ்லின், அழுகிற குரலில். அவளுக்கு அதற்குள் விளங்கிவிட்டது.

"இங்க இருக்கு, இதுல இல்லையே!" என்று கையிலிருந்த காலண்டரை மானிட்டருக்கு முன்னால் தூக்கிப்பிடித்து ஆட்டினார்.

தலைப்பு அவரைப் பார்த்துவிட்டது. இன்னொரு அங்குலம் நிமிர்ந்து உட்கார்ந்தது. வீடு வீடாகச் சுவரில் தொங்கி, ஊர் பூரா பார்த்த களைப்பு தன் முகத்தில் தெரிகிறதோ என்று அதற்கு ஒரு கவலை. மானிட்டர், "இல்லைய்யா, முன்னைவிட மின்னுறீங்க" என்றது.

தலைப்பு டிக்கின் பக்கம் லேசாகச் சாய்ந்தது.

"பார்த்தியா, நம்மளப் பார்க்க முதலாளியே நேர்ல வந்துட்டாரு. ஆனா பாவம், எவனோ பேரில்லாத ஒரு காலண்டரை அவர் தலையில கட்டிட்டான் போலிருக்கு."